பழைய மடிக்கணினியும் நான் அணைத்து வைத்த தடுப்பு மென்பொருளும்

என் தங்கையின் மடிக்கணினியைத் திறந்தால் முதலில் மின்விசிறிச் சத்தம் கேட்கும். பிறகு விண்டோஸ் முத்திரை வரும். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. அம்மா அதற்குள் ஒரு மைலோ கலக்கிக் கொடுப்பார். தங்கை அதைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் 'வேர்ட்' திறந்திருக்காது.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இல்லிருப்புக் கற்றலுக்காக அப்பா அவசரமாகத் தேடி வாங்கிய பழைய கணினி அது. 2014இல் தயாரானது. 4 ஜிகாபைட் ரேம், 500 ஜிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் 10. அதுவரை அப்பாவின் கைப்பேசியில் கணிதப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய வரமாகத்தான் இருந்தது. ஆறாம் படிவத்துக்கு வந்து, வாரம் ஒரு கட்டுரை, மாதம் ஒரு படைப்பு என்று ஆனபிறகுதான் அதன் வேகம் எல்லாரையும் அழ வைத்தது.

"தகவல் தொழில்நுட்பம்தானே படிக்கிற, இதைச் சரிபண்ண முடியாதா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய மானப் பிரச்சினை கிடையாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 'டிஸ்க்' என்ற பத்தி 100 விழுக்காட்டில் நின்றது. பட்டியலின் உச்சியில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று ஒரு பெயர். இயங்குதளத்தோடு சேர்ந்து வரும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்தான் அது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று அந்த நொடியே முடிவுகட்டினேன்.

அதை அமைப்புகளில் போய் அணைத்தால் சற்று நேரத்தில் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடுகிறது. அப்படி வடிவமைத்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இணையத்தில் தேடி, அதை நிரந்தரமாக அணைத்துப்போடும் ஒரு சிறு நிரலை இறக்கினேன். அதை எழுதியவர் யார், அதில் வேறென்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூட என் மனத்தில் எழவில்லை. அணைத்தேன். கணினி சற்று வேகமானது. அன்றிரவு வீட்டில் எனக்குத்தான் பெரிய கோழித்துண்டு.

அந்தப் பெருமை மூன்று வாரம் நீடித்தது.

தங்கையின் வகுப்பில் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி ஒரு குழுப்பணி கொடுத்திருந்தார்கள். அவளுடைய தோழியின் பாட்டி பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோழி தன் கைப்பேசியில் பாட்டியைப் பேசவிட்டு ஐந்து பதிவுகள் எடுத்திருந்தாள். கைப்பேசியில் இடமில்லாததால் அவற்றைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்தவற்றை நீக்கிவிட்டாள். இதற்கிடையில் தங்கை ஏதோ ஒரு பாரத்தை அச்செடுக்க ஒரு நகலெடுக்கும் கடைக்குப் போய், தன் பென்டிரைவை அங்கிருந்த கணினியில் செருகிவிட்டு வந்தாள். வீட்டில் அதைத் திறந்தபோது உள்ளே கோப்புறைகள் எதுவும் தெரியவில்லை. பென்டிரைவின் பெயரிலேயே, மூலையில் சிறிய அம்புக்குறி போட்ட ஒரே ஒரு சின்னம் இருந்தது. அவள் அதை இருமுறை சொடுக்கினாள். கோப்புகள் எல்லாம் வழக்கம்போல் தெரிந்தன. அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மறுநாள் தோழி தன் பென்டிரைவை அதே மடிக்கணினியில் செருகினாள்.

இது புதுவகை நச்சுநிரலும் அல்ல. பல ஆண்டுகளாகப் பென்டிரைவுகள் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய தந்திரம். நம் கோப்புகளை ஒரு மறைவான கோப்புறைக்குள் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குறுக்குவழியை வைத்துவிடும். அதைச் சொடுக்கும்போது முதலில் நச்சுநிரல் ஓடும், பிறகு நம் கோப்புறை திறக்கும். அதன்பின் அந்தக் கணினியில் செருகப்படும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அது தொற்றும். கவனியுங்கள்: கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். தோழிக்கு அது தெரியாது. வீட்டில் யாரோ "வைரஸ் பிடிச்சிருச்சு, ஃபார்மட் பண்ணிடு" என்றார்கள். ஃபார்மட் செய்தாள். அதன்மேல் வேறு பாடக் கோப்புகளையும் ஏற்றினாள். பாட்டியின் ஐந்து பதிவுகளும் போயின.

தங்கை என்னிடம் வந்து சொன்னபோது, அந்தத் தடுப்பு மென்பொருளை மீண்டும் இயக்கினேன். சில நொடிகளில் அது நச்சுநிரலைப் பிடித்துப் பெயரையும் சொல்லியது. மூன்று வாரத்துக்கு முன் நான் அதைத் தொடாமல் இருந்திருந்தால், அந்த முதல் சொடுக்கிலேயே பிடித்திருக்கும்.

தோழி மீண்டும் பந்திங் போய்ப் பாட்டியைப் பேச வைத்தாள். இரண்டாம் முறை அவர் பாதிதான் சொன்னாராம்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சோதனை

நான் செய்தது தவறு. அதற்காக என் சந்தேகம் முழுக்கப் பொய் என்றும் ஆகிவிடாது. தடுப்பு மென்பொருள் கணினியை மெதுவாக்கும் என்பது உண்மை. எப்படி என்பதைத் தெரிந்துகொண்டிருந்தால் நான் வேறு இடத்தில் கை வைத்திருப்பேன்.

1986இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து பரவிய 'பிரெய்ன்' என்ற நச்சுநிரல் நெகிழ்வட்டிலிருந்து நெகிழ்வட்டுக்குத்தான் தாவியது. அந்தக் காலத்தில் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை நிரலை நாமே ஓட்டிப் பார்த்தால் போதும். இன்று நிலைமை அப்படி இல்லை. தடுப்பு மென்பொருள் எப்போதும் விழித்திருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், அந்தக் கோரிக்கை வன்தட்டுக்குப் போகும் வழியில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கும். கோப்பு வந்ததும் முதலில் அது பார்க்கும். தெரிந்த நச்சுநிரல்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாவிட்டால் அதன் நடத்தை சந்தேகத்துக்குரியதா என்று ஆராயும். சுருக்கிய கோப்பாக இருந்தால் விரித்துப் பார்க்கும். தேவைப்பட்டால் இணையம் வழியாக நிறுவனத்தின் சேவையகத்தையும் கேட்கும். அதன்பிறகே கோப்பு உங்கள் கைக்கு வரும்.

'வேர்ட்' திறப்பது ஒரு கோப்பைத் திறப்பதுபோல் நமக்குத் தோன்றும். உண்மையில் அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் திறக்கப்படுகின்றன. ஒருமுறை பார்த்து, மாறாமல் இருக்கும் கோப்புகளைத் தடுப்பு மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அடையாளப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் பலவற்றை அது மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியல் ஒரே நாளில் பலமுறை புதுப்பிக்கப்படுவது உண்டு.

புதிய கணினியில் இதெல்லாம் நடப்பதே தெரியாது. பழைய கணினியில் தெரிவதற்கு முதல் காரணம் வன்தட்டு. மலிவான மடிக்கணினிகளில் இருந்த வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிநொடி. தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த ஊசியைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கும் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஆகமொத்தம், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு 60, 70 முறைதான் அதனால் எட்டிப் பிடிக்க முடியும். அசையும் பாகம் ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகம் இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது.

இரண்டாவது காரணம் ரேம். 4 ஜிகாபைட்டில் விண்டோஸும் உலாவியும் தடுப்பு மென்பொருளும் நெருக்கியடித்து உட்கார முடியாதபோது, விண்டோஸ் சிலவற்றைத் தூக்கி வன்தட்டில் வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அதே வன்தட்டில்தான் இதுவும் நடக்கிறது. நான் டாஸ்க் மேனேஜரில் பார்த்த 100 விழுக்காட்டுக்குக் காரணம் இந்த நெரிசல். அதில் நின்றவர்களில் ஒருவரைத்தான் நான் பிடித்து வெளியே தள்ளினேன்.

கடிகாரம் வைத்து அளந்தபோது

இதை எனக்குப் புரியவைத்தது பாடப்புத்தகம் அல்ல. அடுத்த தவணையில் தொழிற்பயிற்சிக்காகக் கிள்ளானில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தேன். கடையை நடத்தும் அண்ணனுக்கு என் தங்கையின் கணினிக் கதையைச் சொன்னேன்.

"தடுப்பு மென்பொருளை அணைச்சப்போ வேகமாச்சா தம்பி?"

"நல்லா வேகமாச்சு அண்ணே."

"நல்லான்னா எத்தனை நிமிஷம்?"

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்கு அதைத் தூக்கிட்டு வா" என்றார்.

அளப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் 10 பொதுவாக முழுமையாக அணைவதில்லை. அடுத்தமுறை விரைவாக எழுவதற்காகத் தன்னில் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதி வைத்துக்கொண்டு உறங்கும். அதனால் 'ரீஸ்டார்ட்' கொடுத்துத்தான் அளக்க வேண்டும். ஒருமுறை அளந்தால் போதாது. மூன்றுமுறை அளந்து நடு எண்ணை எடுக்க வேண்டும். இரண்டு நிலைகளுக்கு நடுவே ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. படிவம் ஒன்று அறிவியலில் படித்ததுதான், சொந்தக் கணினி என்றதும் மறந்துபோய்விடுகிறது.

ரீஸ்டார்ட் அழுத்தியதிலிருந்து 'வேர்ட்' திறந்து எழுத்து விழும்வரை கைப்பேசிக் கடிகாரத்தால் அளந்தேன். தடுப்பு மென்பொருள் இயங்கும்போது, கணினி இருந்த நிலையிலேயே 9 நிமிடம் 40 நொடி. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, தடுப்பு மென்பொருளை மட்டும் அணைத்தபோது 8 நிமிடம் 35 நொடி. நான் வீரனாக வலம் வந்தது இந்த ஒரு நிமிடச் சொச்சத்துக்காகத்தான்.

அண்ணன் அதை மறுபடி இயக்கச் சொல்லிவிட்டு, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தார். அதில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. கணினியை முதலில் வாங்கியவர் காலத்தில் போட்ட, சோதனைக் காலம் முடிந்து பல ஆண்டுகளான இன்னொரு தடுப்பு மென்பொருள். பணம் கட்டவில்லை என்று அது புதிய அடையாளப் பட்டியலை வாங்குவதை நிறுத்தியிருந்தது. ஆனால் அதன் வடிகட்டி இன்னும் ஒவ்வொரு கோப்பையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் நான்கைந்து துண்டுகளாகப் பிரிந்து கீழே இருந்ததால் என் கண்ணில் படவில்லை. பாதுகாப்பு ஒன்றும் தராமல், நேரத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தது அது. அதை நீக்கியதும் 6 நிமிடம் 20 நொடி.

இத்தகைய மென்பொருளை வழக்கமான முறையில் நீக்கினாலும் சில பாகங்கள் தங்கிவிடும். அதற்காகவே பெரும்பாலான நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தம் இணையத்தளத்தில் வைத்திருக்கின்றன. நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

அடுத்து அண்ணன் வன்தட்டைக் கழற்றி, அதிலிருந்த எல்லாவற்றையும் ஓர் எஸ்.எஸ்.டி.க்கு அப்படியே நகலெடுத்து மாட்டினார். தடுப்பு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதே விண்டோஸ், அதே 4 ஜிகாபைட் ரேம். 52 நொடி.

நான் இரண்டாம் முறையும் அளந்தேன். 50 நொடி.

"காவல்காரன் மேல உனக்கு என்ன கோபம் தம்பி?" என்று கேட்டுவிட்டு அண்ணன் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எஸ்.எஸ்.டி.க்கு நான் கொடுத்தது 130 ரிங்கிட். கூலி வாங்கவில்லை.

அந்தக் கடையில் இருந்த மூன்று மாதத்தில் 'மெதுவாக இருக்கிறது' என்று வந்த கணினிகளை எல்லாம் ஆர்வத்தோடு பார்த்தேன். ஓர் ஆன்ட்டியின் கணினியில் மூன்று தடுப்பு மென்பொருள்கள் இருந்தன. ஒன்றுக்கு மூன்றாக இருந்தால் நல்லதுதானே என்று அவர் கேட்டார். ஒன்று திறக்கும் கோப்பை மற்றது சோதிக்கும், அது சோதிப்பதை மூன்றாவது சந்தேகப்படும். பல கணினிகளில் 'வேகப்படுத்தும்' மென்பொருள் என்று ஏதாவது ஒன்று இருந்தது. அவற்றில் ஒன்றுகூடக் கணினியை வேகப்படுத்தி நான் பார்க்கவில்லை.

ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கணினி எனக்கு மறக்காது. மின்விசிறி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எல்லாம் அமைதியாகிவிடும், மூடினால் மறுபடி கத்தும். தடுப்பு மென்பொருள்தான் காரணம் என்று அவர் அதை ஏற்கெனவே அணைத்திருந்தார். உண்மையில் உள்ளே யாருக்கோ மின்னாணயம் தோண்டிக்கொண்டிருந்தது ஒரு நச்சுநிரல். நாம் பார்க்கும்போது மட்டும் அது ஒளிந்துகொள்ளும். எங்கிருந்து வந்தது என்று தோண்டியதில், பூட்டு உடைத்த ஒரு வடிவமைப்பு மென்பொருளில் போய் முடிந்தது. அதோடு வந்த குறிப்பில் முதல் வரியே, நிறுவும் முன் தடுப்பு மென்பொருளை அணைக்கச் சொல்லியிருந்தது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். திருடன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான் என்று அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. கணினியின் மெதுவே நச்சுநிரலின் வேலையாகவும் இருக்கலாம் என்பதால்தான், காரணம் தெரியும் முன்பே காவலை அகற்றுவது ஆபத்து.

காவலும் சில சமயம் சறுக்கும், மறுப்பதற்கில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஓர் அடையாளப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே நச்சுநிரல் என்று தவறாகப் பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில்கூடச் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. இயங்குதளத்தின் ஆழத்தில் உட்காரும் மென்பொருள் இவை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அங்கேதான் உட்கார வேண்டும், அங்கே உட்கார்ந்தால் தன் பிழையும் பெரிதாகிவிடும்.

கையில் காசு இல்லாதபோது

130 ரிங்கிட் எல்லா வீட்டிலும் உடனே கிடைக்கும் தொகை அல்ல. அதுவரைக்கும் செய்யக்கூடியவை சில உண்டு.

நம் மாணவர்கள் பலர் மடிக்கணினியை எப்போது திறக்கிறார்கள்? நாளைக்குப் படைப்பு என்றால் இன்றிரவு பத்து மணிக்கு. ஒரு வாரம் மூடிக் கிடந்த கணினிக்கு அப்போதுதான் விண்டோஸ் புதுப்பிப்பு, புதிய அடையாளப் பட்டியல், தவறிப்போன வாராந்திரச் சோதனை எல்லாம் ஒன்றாக வந்து குவியும். அந்தச் சோதனையைக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில்தான் நடத்தப் பார்க்கும். ஆனால் நாம் அதைச் சும்மா இருக்கவே விடுவதில்லை. தங்கைக்கு நான் சொல்லிக் கொடுத்தது மிக எளியது: வாரம் இருமுறை, சாப்பிடப் போகும் முன் கணினியைத் திறந்து, மின்னிணைப்பில் போட்டு, இணையத்தில் இணைத்துவிட்டுப் போ. ஒன்றும் செய்யாதே. அது தன் வேலையை முடித்துக்கொள்ளட்டும். எஸ்.எஸ்.டி. மாட்டும் முன் இருந்த ஒரு மாதத்தில் இது ஒன்றே பெரிய நிம்மதியைக் கொடுத்தது.

விண்டோஸில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் முழுமையான தடுப்பு மென்பொருளாகவே இயங்குதளத்தோடு வருகிறது. வேறொன்றை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். பழைய கணினி வைத்திருக்கும் மாணவருக்கு அது ஒன்றே போதும் என்பது என் கருத்து. 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற பகுதியில் அதன் சோதனை நேரத்தை நமக்கு ஏற்ற பொழுதுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சில கோப்புறைகளைச் சோதிக்க வேண்டாம் என்று விலக்கிவைக்கும் வசதியும் உண்டு. நிரலாக்கம் படிப்பவர்களுக்கு இது தேவைப்படும். ஒரு சிறு இணையச் செயலிக்கே பல்லாயிரம் குட்டிக் கோப்புகள் வந்து இறங்கும், ஒவ்வொன்றும் சோதனைக்குப் போகும். இந்தத் தலைவலி பழைய கணினிகளுக்கு மட்டுமல்ல என்பதற்கு, 2023இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11இல் நிரலாளர்களுக்கென்றே 'டெவ் டிரைவ்' என்று ஒரு தனிச் சேமிப்புப் பகுதியைக் கொண்டுவந்ததே சாட்சி. அதில் கோப்பு முதலில் திறக்கும், சோதனை பின்னால் நடக்கும். ஆனால் விலக்கு என்ற பெயரில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையையோ முழு வன்தட்டையோ பட்டியலில் சேர்க்காதீர்கள். என் வகுப்பில் ஒருவர் அப்படித்தான் செய்து வைத்திருந்தார். காவல் இயங்குவதாகத் திரையில் பச்சைக்குறி காட்டும், உள்ளே ஒன்றும் நடக்காது.

உங்கள் தடுப்பு மென்பொருள் உண்மையில் விழித்திருக்கிறதா என்று பார்க்க 'ஐகார்' என்ற சோதனைக் கோப்பு உதவும். 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு. எல்லாத் தடுப்பு மென்பொருள்களும் அதை நச்சுநிரல்போல் பிடிக்க வேண்டும் என்று உடன்பாடு இருக்கிறது. பிடிக்காவிட்டால் எங்கோ கோளாறு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் தங்கையின் 2014ஆம் ஆண்டுக் கணினியில் கிடையாது. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கின்றன. டிஃபென்டருக்கான அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. பட்டியல் வருகிறதே, போதாதா என்று கேட்கலாம். 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாகிரை'யை நினைத்துப் பாருங்கள். யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது கணினியிலிருந்து கணினிக்குத் தானே நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் அகப்பட்டார்கள். காவல்காரர் வாசலில் நிற்கிறார், சுவரில் ஓட்டை இருந்தால் அவர் என்ன செய்வார்?

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது அடுத்த யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் மின்ட் இலவசம். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் இலவசம். இரண்டும் பழைய கணினிகளில் ஓடும். கடையில் ஒரு பென்டிரைவிலிருந்து மின்ட்டை நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஆசிரியர் கொடுத்த 'வேர்ட்' கோப்பை 'லிப்ரே ஆபீஸ்' திறந்தபோது அட்டவணைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "படைப்பை நீங்க வந்து திருத்திக் கொடுப்பீங்களா?" என்று தங்கை கேட்கிறாள். பரீட்சை முடியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

தோழியின் பென்டிரைவையும் கடைக்கு எடுத்துப் போனேன். விரைவு ஃபார்மட் செய்தால் கோப்புகளின் பட்டியல்தான் அழியும், கோப்புகள் இருந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும்வரை அவை அங்கேயே கிடக்கும் என்றார் அண்ணன். அவள் ஏற்கெனவே சிலவற்றை அதன்மேல் ஏற்றிவிட்டாள். இருந்தாலும் ஒரு மீட்பு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் ஐந்தில் இரண்டு பதிவுகள் கிடைத்தன. ஒன்று பாதியில் கரகரத்து நின்றுவிடுகிறது. மற்றது 11 நிமிடம் முழுமையாக இருக்கிறது. பாட்டி பேசுகிறார், பின்னால் சேவல் கூவுகிறது. தங்கையின் மடிக்கணினியில் செருகி, டிஃபென்டர் பார்த்து முடித்தபிறகு, தோழிக்கு அதைப் போட்டுக் காட்டினோம். அவள் உடனே மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டாள்.